பிரோக் இடது பக்கம் வெடித்தது

ஜனவரி 8

அன்புள்ள மோத்யா,

நானும் ஆஸ்யாவும் நன்றாக இருக்கிறோம். நீ இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லே விறைத்துப்போயிருக்கும் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

உன் கடிதம் வந்தது. யாகூத்ஸ்கில் குளிர் போதவில்லை என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறாய். குளிர் போதவில்லை என்று புலம்ப இந்த நாட்டில் என் கணவன் ஒருவனால்தான் முடியும். மைனஸ் நாற்பது உனக்குப் பத்தாது. ஐம்பதையும் தாண்டினால்தான் எண்ணெய் உறைகிறதா, கதவு ரப்பர் வெடிக்கிறதா என்று உங்கள் விமானத்தைச் சோதிக்க முடியும். சரி, உனக்காக அந்த ஊர் இன்னும் உறையட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் கால் மட்டும் சூடாக இருக்கட்டும். சாம்பல் நிறக் கம்பளி நூல் கிடைத்தது, காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்றையும் முடித்து அனுப்பும்வரை ஒரு காலை மட்டும் குளிரில் விடாதே.

நம் சமையலறையின் மறுபாதிக்குச் சொந்தக்காரி ஃபாயினா தினமும் உன்னைத் திட்டுகிறாள். அவள் கணவன் கொன்த்ராத் விமானம் ஓட்டுவதோடு சரி, பேனாவைத் தொடுவதில்லை. "உன் ஆளு எழுதுற லெட்டர வச்சுத்தாண்டி என் ஆளு உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கிறேன். அடுத்த தடவை 'கொன்த்ராத்துக்கு ஜலதோஷம்'னாவது ஒரு வரி போடச் சொல்லு" என்கிறாள். போடு, பாவம்.

மாப்பிள்ளை தெமித்தின் அப்பா அம்மா சரத்தோவிலிருந்து வந்து ஆஸ்யாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். அந்த அம்மா அதிகம் பேசுவதில்லை, அப்பா இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறார். கல்யாணத்தை வசந்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா வராமல் தேதி குறிக்க முடியாது என்று ஆஸ்யா சொல்லிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்துச் சொன்னது இல்லை, அவளாகவே சொன்னாள்.

வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்று உனக்குத் தெரியும். அதனால் வேறு சங்கதி சொல்கிறேன். முட்டைக்கோஸ் பூரணத்தை மாவுக்குள் வைத்து மூடிப் பெரிய பிரோக் ஒன்று சுட்டேன். தடிமனாக இருந்தால் கனத்துவிடுகிறது என்று நீதான் எப்போதும் சொல்வாயே, அதனால் மாவை இந்தத் தடவை மெல்லியதாகத் தேய்த்தேன். அடுப்பு முழுச் சூட்டுக்கு வருவதற்குள் இடது பக்கம் வெடித்துவிட்டது. ஓரத்தில் கூட இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி. பூரணம் முழுவதும் வெளியே. அதுவும் வந்திருந்த பெரிய மனிதர்களின் கண்ணெதிரே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பரவாயில்லை, இதுவே போதும் என்றார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நூல் கண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது, தேட வேண்டும். தொப்பியின் காது மடல்களை இறக்கிக் கட்டிக்கொள். பத்திரம்.

உன்
ரிம்மா


ஜனவரி 21

மோத்யா, என் மூடனே,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உதிரி பாகங்களோடு அங்கே பறந்து வரும் மெக்கானிக் யெகோர் கையில் காலுறையைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இடது காலுறையின் நுனியில் இதைத் திணித்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. காலுறையைப் போட்டுவிடாதே.

அது நிஜமான பிரோக், மோத்யா. மாவு, முட்டைக்கோஸ், வெண்ணெய். தெமித்தின் பெற்றோருக்காகச் செய்தது. இறக்கையை நாங்கள் இன்னும் உடைக்கவே இல்லை!

எப்படி மறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. சமையலறையில் ஃபாயினா காதுபட இறக்கை, விரிசல் என்றெல்லாம் பேச வேண்டாம் என்று, பறக்கிறவனின் பெண்டாட்டி தூக்கம் கெடக் கூடாது என்று, நாம்தானே அந்தப் பாஷையை உண்டாக்கினோம். இறக்கைக்குப் பிரோக், மேல்தகட்டுக்கு மாவு, உள்ளே இருக்கும் சட்டங்களுக்குப் பூரணம், இறக்கையை உடைத்துப் பார்க்கும் என் சோதனைக் கூடத்துக்கு அடுப்பு. இத்தனை வருஷம் பேசிப் பழகிய பாஷை. ஆனால் அன்று நான் வெறும் அம்மாவாக இருந்தேன். மகளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் பிரோக் வெடித்துவிட்டதே என்ற அவமானத்தைக் கணவனிடம் சொல்லி ஆற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது கடிதத்தை நீ படித்த மாதிரி படித்துப் பார்க்கிறேன். கனத்தைக் குறைக்க மேல்தகட்டை மெல்லியதாக்கினார்கள், முழுச் சுமை ஏறுவதற்குள் இடது இறக்கை உள்பக்கமாக உடைந்தது, கமிஷன் நேரில் பார்த்தும் 'இதுவே போதும்' என்றது. கடவுளே! நானாக இருந்தாலும் விமானத்தை நிறுத்தியிருப்பேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். முழுப் பாரம் ஏற்றிய பறப்புக்கு விமானப் பொறியாளர் மத்வேய் ஃபதேயெவிச் (நீதான்!) கையெழுத்துப் போட மறுக்கிறார், காரணம் கேட்டால் இறக்கையை நம்பவில்லை என்கிறார், யார் சொன்னது என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று அங்கிருந்து செய்தி வந்தது. அன்றே பஞ்சு தைத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் தோழர் கர்பூஹின் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நம் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர் அவர்தான். முதலில் படித்தபோது அவருக்கும் அது பிரோக்காகத்தான் தெரிந்திருக்கிறது. தான் ஏமாந்துவிட்டோமோ என்று இப்போது அவருக்கு ரோஷம்.

"ரிம்மா அர்காதியேவ்னா, பிரோக்குன்னா என்னங்க?" என்றார்.

"பிரோக்குன்னா பிரோக்குதாங்க."

"அப்ப நாலு இன்ஜின் வச்ச விமானம் ஒண்ணு உங்க பிரோக்குக்காக யாகூத்ஸ்க்ல பனியில நிக்குது. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கனமான ஒரு விதிப் புத்தகத்தை எடுத்து வெகுநேரம் புரட்டினார். "உடைஞ்ச இறக்கைய உடைஞ்சுதுன்னு சொன்னா அது ரகசியம். உடையாத இறக்கைய உடைஞ்சுதுன்னு சொன்னா என்ன? ரகசியமா, வதந்தியா? இதுல ஒண்ணுமே போடலையே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். கடைசியில் என்னிடம் காகிதத்தை நீட்டி, பிரோக் செய்த விதத்தை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முட்டை போடலையா?"

"இல்லைங்க."

"அதான் வெடிச்சிருக்கு. எங்கம்மா ரெண்டு முட்டைய அவிச்சு நறுக்கிப் போடுவாங்க. பூரணம் ஈரம் கக்காது." சொல்லிவிட்டு, ரகசியம் என்ற முத்திரையை அதன்மேல் ஓங்கிக் குத்தினார். இந்த நாட்டில் ராணுவ ரகசியமாகிவிட்ட முட்டைக்கோஸ் பிரோக் என்னுடையது மட்டும்தான் இருக்கும். இனிமேல் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி கூடாது என்பது உத்தரவு.

சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன், ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. சோதனையில் இறக்கை தாங்கிவிட்டால் உன்னைப் பறப்பிலிருந்து எடுத்துவிட்டு மேசை முன்னால் உட்கார வைப்பார்களாம். எங்கள் கூடத் தலைவர் புரோஹர் இலியிச்சே கேட்டுவிட்டு வந்து சொன்னார். "உன் வீட்டுக்காரன் இனிமே ஆணிக் கணக்கு பாக்க வேண்டியதுதாம்மா" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், என் மனசில் பாதிக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. மேசையிலிருந்து யாரும் கீழே விழுவதில்லை. மறுபாதிக்கு, பறக்காத உன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

உன்மேல் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஊரெல்லாம் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறது, கொன்த்ராத் மட்டும் உனக்காகச் சண்டை போட்டானாம். 'மத்வேய் ஏறலேன்னா நானும் ஏறல' என்று சொல்லிவிட்டு சீட்டு விளையாடப் போய்விட்டானாம். அமைச்சகத்திலிருந்து முத்திரையோடு வந்த தாளை ஒதுக்கிவிட்டு, நான் கிறுக்கிய நாலு வரியை நம்பி நீ ஒரு விமானத்தையே நிறுத்தியிருக்கிறாய். அதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். ஃபாயினா வந்து வெங்காயமா என்றாள். ஆமாம் என்றேன்.

இனி முக்கியமானதைக் கேள். அடுத்த வாரம் இறக்கையை நிஜமாகவே உடைக்கப் போகிறோம். வானத்தில் வரக்கூடிய மிக மோசமான அடியைப் போல ஒன்றரை மடங்கு இழுப்போம். அதுதான் எங்கள் நூறு சதவீதம். நூற்றைத் தாண்டியதும் காதைப் பிளக்கும் சத்தத்தோடு உடைந்தால் எல்லோரும் கை தட்டுவோம். நூற்றுக்குக் கொஞ்சம் முன்னால் உடைந்தால்தான் வம்பு. 'சோதனைப் பறப்புக்கு இது போதும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்களின்படி அவர்கள் சொல்வது தப்பும் இல்லை. அந்த எண்களைப் போட்டதே நான்தான். ஆனால் அவர்கள் யாரும் உன் இருக்கையில் உட்காரப் போவதில்லை. தவிர, அந்த இறக்கை உன் விமானத்துக்கு மட்டும் போட்டதா? வாலைத் திறந்து லாரி ஏற்றும் அதன் தங்கையான ராணுவ விமானத்துக்கும், ஜன்னல் வைத்து ஜனங்களை ஏற்றப்போகும் அக்கா விமானத்துக்கும் ஒரே இறக்கைதான். நாளைக்கு ஆஸ்யா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்காவில் ஏறுவாள்.

மேலிடத்துக் காகிதம் மேசை மேசையாக ஏறி இறங்கி உன்னிடம் வருவதற்குள் அவசரக்காரர்கள் உன்னை ஏற்றிவிடுவார்கள். அதனால் தபாலில் நான் சொல்லிவிடுவேன், பிரோக் இல்லாமல். கர்பூஹின் எல்லா வரியையும் மோந்து பார்ப்பார், ஆனால் எப்படி விளித்திருக்கிறேன் என்பதை அவர் படிப்பதில்லை. யாருமே படிப்பதில்லை. இறக்கை தாங்கவில்லை என்றால் எப்போதும் போல 'மோத்யா' என்று தொடங்குவேன். நீ பறக்காதே. என்ன மிரட்டினாலும் பறக்காதே. தாங்கிவிட்டால், தந்தை பெயரும் சேர்த்து, மரியாதையாக, 'மத்வேய் ஃபதேயெவிச் அவர்களுக்கு' என்று தொடங்குவேன். அப்போது பற.

கல்யாணமான நாளிலிருந்து உன்னை நான் அப்படி அழைத்ததே இல்லை. அதனால் தவறிப்போய்க்கூட எழுதிவிட மாட்டேன், பயப்படாதே.

உன்
ரிம்மா


ஜனவரி 30

அன்புள்ள மோத்யா,

நலம். ஆஸ்யாவும் நலம். இங்கே பனி ஜன்னல் பாதிவரை ஏறிவிட்டது.

மோத்யா, காலுறை சரியாக இருக்கிறதா? இடது காலுறையை நன்றாகப் பார்த்துத்தானே போட்டுக்கொண்டாய்?

எனக்கு நேற்றிலிருந்து காது ஙொய்யென்கிறது. குளிர்தான், வேறொன்றும் இல்லை. புரோஹர் இலியிச் நேற்று மத்தியானம் தொப்பியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கும் உடம்பு சரியில்லை. இன்று காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சீக்கிரமே வருகிறோம். வேலை நிறைய இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஃபாயினாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை. ஆனால் நேற்று சமையலறையில் அவளைப் பார்த்ததும் சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, என்னடி ஆச்சு உனக்கு? கை இப்படி ஜில்லுன்னு இருக்கு" என்று என் கையைத் தேய்த்துவிட்டாள். அவள் கொன்த்ராத்தை விசாரித்ததாகச் சொல். அவன் சீட்டாட்டத்தை இன்னும் கொஞ்ச நாள் தொடரட்டும். உனக்கு அந்த விளையாட்டு பிடிக்காது என்றாலும் நீயும் அவனோடு உட்கார்.

மோத்யா, வெளியில் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். போதும், போதும் என்பார்கள். நம் வீட்டில் எது போதும், எது போதாது என்று சொல்கிறவள் யார் என்று உனக்குத் தெரியும். உன் தட்டில் விழும் சூப்பிலிருந்து உன் சட்டைப் பித்தான்வரை நான் போதும் என்று சொன்னால்தான் போதும். இன்னும் நான் சொல்லவில்லை.

(தோழர் கர்பூஹின், சூப் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். அது சூப்தான்.)

தெமித்தின் அப்பா தேதி கேட்டு எழுதியிருக்கிறார். ஆஸ்யாவின் பதில் அதேதான். உன் நாற்காலியை யாரும் நகர்த்துவதில்லை. நேற்று யாரோ அதில் பையை வைக்கப் போனதற்கு உன் மகள் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர்கள் தரையைத் தட்டினார்கள்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். எத்தனையோ முறை எத்தனையோ சத்தம் கேட்டுப் பழகியவள் நான். இந்தக் கடிதத்தில் கையெழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள். பாதி மனசு, மறுபாதி மனசு என்று முன்பு ஏதோ எழுதினேனே, அதை மறந்துவிடு. நேற்றிலிருந்து என் முழு மனசும் ஒன்றைத்தான் கேட்கிறது.

தரையில் பத்திரமாக நட, மோத்யா. தரையில்.

உன்
ரிம்மா


மார்ச் 27

மதிப்புக்குரிய மத்வேய் ஃபதேயெவிச் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலம் என்று நம்புகிறேன். இங்கு யாவரும் நலம்.

தங்கள் மகள் ஆஸ்யாவின் திருமணத்தை மே மாதம் முதல் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டாரும் முடிவு செய்திருக்கிறோம். தாங்கள் அதற்குள் வந்துவிட முடியும் என்று இந்தத் தடவை என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. தங்கள் கறுப்புச் சூட்டை வெளியே எடுத்துக் காற்றாட வைத்தேன். இடுப்பில் பிரித்துத் தைக்க வேண்டியிருக்குமா என்று எழுதவும்.

புரோஹர் இலியிச் நலம். நேற்று மத்தியானம் கூடத்தில் பாட்டுப் பாடினார். அவர் குரலை முன்பின் கேட்டிராததால் எங்களுக்குப் பயமாகிவிட்டது. இரண்டு மாதமாகத் தூங்காத மனிதர் பாடட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடிதத்தின் தொடக்கத்தை ஃபாயினா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். "ஏண்டி, 'மதிப்புக்குரிய'வா? என்ன, கோர்ட்டுக்குப் போறீங்களா ரெண்டு பேரும்? கல்யாணப் பொண்ண வீட்ல வச்சுக்கிட்டு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை, மரியாதை என்றேன். நம்பவில்லை. கொன்த்ராத் திரும்பி வந்ததும் அவனை இப்படிக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறாளாம், மிரண்டு போவானா என்று.

ரிம்மா அர்காதியேவ்னா

பி.கு.: தபாலில் சேர்க்கும் இடத்தில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். தோழர் கர்பூஹின் கடிதத்தைப் படித்தார். என் கணிப்பு தப்பு, அவர் தொடக்கத்தையும் படிக்கிறார். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்காரரோட சண்டைங்களா? இத்தன வருஷத்துக்கப்புறம் எதுக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "அவருக்குப் பிடிச்சத ஏதாவது செஞ்சு வையுங்க. சாப்பாட்டப் பத்தி எழுதிக்கோங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அனுமதியும் கொடுத்துவிட்டார்.

ஆகவே எழுதுகிறேன். அவருடைய அம்மாவின் வழக்கப்படி உள்ளே முட்டை வைத்தோம். மாவையும் இந்தத் தடவை வேண்டிய இடத்தில் கொஞ்சம் தடிமனாக விட்டோம். முழுச் சூட்டையும் தாண்டி அடுப்பில் இருந்தது. இடது பக்கம் நன்றாக இருக்கிறது, மத்வேய் ஃபதேயெவிச். வலது பக்கமும் நன்றாக இருக்கிறது. போதும்.

தங்களோடு அங்கே மோத்யா என்று ஒருவன் இருப்பான். சாம்பல் நிறக் காலுறை போட்டிருப்பான். அவனைப் பத்திரமாக வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.